தண்ணீருக்குக் காப்புக் கட்டிய வருடம்

மகளே, மகனே, பங்குனித் திருவிழாவுக்கு லீவு கேட்டு வாங்கி வந்த நீங்கள் இரண்டு பேரும் திரும்பும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினீர்கள். இந்த வருடம் நம் பங்காளிகள் திருவிழாவை எடுத்து நடத்தும் முறை. அந்த முறை அடிக்கடி வராது. ஆடலும் பாடலும் வைப்போம், எந்தக் குழு வேண்டுமென்று நீங்களே சொல்லுங்கள் என்று ஐப்பசியில் போனில் கேட்டவனும் நான்தான், பிறகு அது இல்லை என்று சொல்லாமல் விட்டவனும் நான்தான். வந்து பார்த்தால் மேடை இல்லை, கலர் லைட் இல்லை. கோயில் வாசலில் ஒரு மைக்செட்டும் நம் ஊர்ப் பெண்களின் கும்மியும் மட்டும். "எங்க அய்யா முறையிலதானா திருவிழா இப்பிடி ஆகணும்" என்று மகள் அம்மாவிடம் கேட்டது வாசலில் நின்ற என் காதிலும் விழுந்தது.

அப்போது நான் பதில் சொல்லவில்லை. இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. கார்த்திகையில் நடந்ததெல்லாம் நீங்கள் ஹாஸ்டலில் இருந்தபோது நடந்தது. நான் பத்தாவது வரை படித்தவன். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

நம் கண்மாயை உங்களுக்குத் தெரியும். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் மாதிரி கண்ணுக்கெட்டாத தண்ணீர் இல்லை. ஆனாலும் மழை ஒழுங்காகப் பெய்து நிறைந்துவிட்டால் நடுத்தண்ணீர் ஒரு மரம், ஒரு புதர் இல்லாமல் பளிச்சென்று கிடக்கும். நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்த நடுத்தண்ணீரில் கறுப்புக் கறுப்பாகத் தெரிவதைப் பார்த்து எருமை மாடுகள் என்று மகன் சொல்வான். அவை மாடுகள் இல்லை, வடக்கேயிருந்து வருகிற தாராக்களும் சிறகிகளும். நம் ஊரில் காட்டு வாத்தில் பெரியதைத் தாரா என்றும் சிறியதைச் சிறகி என்றும் சொல்வோம். பனிமலைகளைத் தாண்டி வருகின்றன என்று சொல்கிறார்கள். நான் பார்த்ததில்லை. ஐப்பசி கடைசியிலோ கார்த்திகையிலோ வந்து, மாசி பங்குனியில் கிளம்பிவிடும் என்பது மட்டும் நான் கண்ணால் கண்டது.

போன வருடம் அவை வரவில்லை. கண்மாய் மீன் குத்தகையைத் திருப்பாலைக்குடிக்காரர் ஒருவர் எடுத்திருந்தார். கடற்கரையில் வலை இழுத்து வளர்ந்தவர், நல்ல மனிதர். விட்ட மீன்குஞ்சுகளை எல்லாம் நீர்க்காகங்கள் முழுங்கிக்கொண்டிருந்ததால், கரைக்குக் கரை கம்பு நட்டு நைலான் கயிறு இழுத்து, அதில் ஜிகினா நாடாவும் காலி பாட்டிலும் கட்டிவிட்டார். காற்றடித்தால் கண்மாய் முழுக்கக் கலகலவென்று சத்தம். வெயிலில் நாடா மின்னும். பார்க்க என்னவோ திருவிழாத் தோரணம் மாதிரிதான் இருந்தது. நம் ஊர் இளவட்டங்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தாரா வராததை அந்த வருடம் யாரும் பெரிதாகப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இந்த வருடம் கார்த்திகையில் ஒரு காலை, நானும் உங்கள் அம்மாவும் கண்மாய்க் கரையில் நின்றிருந்தோம். அம்மா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். மேலே விசில் மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்தால் பெரிய கூட்டம். கண்மாயை ஒரு சுற்றுச் சுற்றியது. தாழ்ந்து வந்தது, நாடா மின்னியதும் மேலே போனது. மறுபடி சுற்றியது. மறுபடி தாழ்ந்தது. பாட்டில் கலகலத்ததும் மறுபடி மேலே. எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை. கடைசியில் கிழக்கே, கடல் பக்கம் திரும்பிப் போய்விட்டது. கூட்டத்தில் சில பறவைகள் பின்தங்கி, இறக்கையைத் தூக்கவே சிரமப்பட்டுப் போனதைப் பார்த்தேன்.

"வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுப் போகுதுக," என்றாள் அம்மா. அறுத்த புல்லைக் கட்டாமல் அப்படியே நின்றாள்.

அன்றைக்கே டீக்கடையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே, "ஒங்க ஊருல பொண்ணு குடுக்கத்தான் யோசிப்பாக, இப்ப தாரா கூட யோசிக்குதே," என்று சொல்லிவிட்டார். அது நம் ஆட்களுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. உடனே கூடி ஒரு முடிவெடுத்தார்கள். என்ன முடிவு தெரியுமா? விருந்தாளி வரவில்லை என்றால் கூப்பிட வேண்டும் அல்லவா, அதனால் விருந்து வைப்பது.

நம்புங்கள், வைத்தோம். வீட்டுக்கு ஒரு படி நெல். கரை நெடுக வாழை இலை போட்டு நெல்லைப் பரப்பினோம். உங்கள் சித்தப்பா ஒரு படி மேலே போய் இலை ஓரத்தில் கொஞ்சம் வெல்லம் வைத்தான். "தாரா வெல்லம் திங்குமாடா" என்று பக்கத்திலிருந்தவன் கேட்டால், "வழியில வந்த களைப்புக்கு ஆகட்டும் மச்சான்" என்றான். உட்காரத் தோதாக இருக்கட்டும் என்று கருவைக் கொப்புகளை வெட்டித் தண்ணீர் ஓரத்தில் நட்டவர்களும் உண்டு. வாத்து எங்கேயாவது கொப்பில் உட்காருமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் அவ்வளவு மும்முரம்.

மறுநாள் மயில் வந்து தின்றது. காக்கா தின்றது. கோழிகள் தின்றன. தெருநாய் ஒன்று வெல்லத்தை நக்கிவிட்டுப் போனது. கூட்டம் திரும்ப வந்தது, சுற்றியது, திரும்பக் கடலுக்கே போனது.

வீட்டில் நான் சோர்ந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "விருந்தாளிக்கு எலை போட்டீக, சோறு போட்டீக. அங்கன உக்கார எடம் எங்க இருக்கு? வாசல்பூரா கயித்தக் கட்டி வச்சுக்கிட்டு வாங்க வாங்கன்னா எவன் வருவான்?"

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வேலை தேடித் திருப்பூர் போன புதிதில், சில இரவுகள் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன். ஓரத்தில் தூண் மறைவில் இருட்டான இடங்கள் உண்டு. அங்கே படுக்க மாட்டேன். நட்ட நடுவில், நாலா பக்கமும் வெட்டவெளியாக, யார் வந்தாலும் தெரிகிற இடத்தில் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுப்பேன். அங்கேதான் தூக்கம் வரும். தாராவுக்கும் அதேதான். இராத்திரி முழுக்க இரை தேடிவிட்டுப் பகலில் தூங்குகிற பறவை அது. கரையில் தூங்கினால் நாய் வரும், நரி வரும். புதருக்குள் தூங்கினால் காட்டுப்பூனை வரும். மேலே பருந்து. ஒளிந்து வர இடமே இல்லாத நடுத்தண்ணீரில்தான் அது அலகை முதுகில் சொருகிக்கொண்டு கண்ணை மூடும். அதோடு, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி மாதிரிப் பறவைகள் நின்ற இடத்திலிருந்து எழும்பாது. தண்ணீர் மேல் தட்டுத்தட்டென்று கொஞ்ச தூரம் ஓடினால்தான் எழும்பும். ஓட இடம் வேண்டும். குறுக்கே கயிறு கிடந்தால் எங்கே ஓடும்?

ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொன்னேன். குத்தகைக்காரரையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினோம். கோயில் வேப்பமரத்தடியில் கூட்டம். நான் எழுந்து, நடுத்தண்ணீரில் கயிறு வேண்டாம், இந்தப் பனிக்காலம் முடிகிற வரைக்கும் அங்கே வலையும் வேண்டாம், வலை போடப் போகிற மிதவையும் வேண்டாம் என்றேன்.

ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார். நம் வயலுக்கு மேற்கே வயல் வைத்திருக்கும் உங்கள் பெரியப்பா முறைக்காரர். "ஏலே, ராத்திரியானா வயல்ல எறங்கி நெல்லு மேயுற பயலுகளுக்கு நீ பகல்ல மெத்தை விரிக்கச் சொல்றியா?"

"மேயத்தான் செய்யுது அண்ணே. ஆனா அது எச்சம் விழுந்த தண்ணி பாயிற வயலு எப்பிடிப் பச்சையா நிக்கிதுன்னு நீங்கதானே சொல்லுவீக."

"அது நா சொன்னதுதான். நா சொன்னதையே எனக்குத் திருப்பிக் குடுக்காதலே," என்றார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

திருப்பாலைக்குடிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எல்லோரும் சண்டைக்குத் தயாரானோம். அவர் நிதானமாகக் கேட்டார். "அண்ணே, ஒங்க ஊருத் தாரா கருப்பு வாலு ஊசி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமா?"

"ஆமா, கூட்டத்துல பாதி அதுதான்," என்றேன்.

"அப்பச் சரி. நாலஞ்சு நாளா எங்க பக்கம் கடல்ல மெதந்துக்கிட்டு இருக்கு. படகு வந்தா எந்திரிக்குது. ஒரு வட்டம் போட்டு ஒக்காருது. அடுத்த படகு வருது, திரும்ப எந்திரிக்குது. பாவம் அதுகளுக்கு ஒரு கண்ணு தூக்கம் இல்ல. எங்குட்டு இருந்து வந்துச்சோன்னு பாத்துக்கிட்டுருந்தேன். இங்கன இருந்து நாந்தான் வெரட்டி விட்டுருக்கேன் போல."

தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரே தொடர்ந்தார். "கடல்ல எங்களுக்குத் தடைக்காலம்னு ஒண்ணு இருக்கு. மீனு குஞ்சு பொரிக்கிற நேரத்துல படகக் கரையேத்திப் போட்டுட்டு வேற வேலைக்குப் போவோம். அது மாதிரி நெனச்சுக்கிறேன். நடுத்தண்ணிய விட்டுர்றேன். மடை மூலையில மட்டும் குஞ்சுகளுக்கு வல கட்டிக்கிறேன். ஆனா ஒண்ணுண்ணே, மீனு பாதிதான் தேறும். குத்தகையையும் பாத்துக் கொறைக்கணும்."

அங்கேதான் சிக்கல். அந்தக் குத்தகைப் பணத்தில்தான் பங்குனியில் மேடை போடுவது. குறைத்தால் ஆடலும் பாடலும் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முறை நம்முடையது.

"என்ன மாப்ள," என்றார் பின்னால் இருந்து ஒருவர், "ஒன் முறையில ஆட்டம் இல்லாட்டி, அப்புறம் ஆயுசுக்கும் ஒன்னிய ஆட்டமில்லாதவன்னுதான் கூப்புடுவாக."

உங்கள் இரண்டு பேர் முகமும் என் கண்முன் வந்து போனது. குழுவின் பெயரைக்கூட நீங்கள் தேர்ந்தெடுத்துச் சொல்லியாகிவிட்டது. ஆனால் அந்தப் பின்தங்கிப் போன பறவைகளும் வந்து போயின. "கூப்புட்டுட்டுப் போங்க," என்றேன். "ஆட்டத்த அடுத்த முறைக்காரங்க வச்சுக்கட்டும். நடுத்தண்ணிய இந்த வருசம் தாராவுக்கு விட்டுருவோம்."

சரி, முடிவு செய்தாகிவிட்டது. ஆனால் வாய்ப்பேச்சு எத்தனை நாள் நிற்கும்? இளவட்டங்கள் தூண்டில் போடுவார்கள், யாராவது மிதவையில் ஏறிச் சுற்றுவார்கள். அப்போது உங்கள் அம்மா பெண்கள் பக்கம் இருந்து, "திருவிழாவுக்குக் காப்புக் கட்டுறோம்ல. அத இப்பவே தண்ணிக்குக் கட்டிட்டா என்ன?" என்றாள்.

நம் ஊரில் காப்பு என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மஞ்சள் துணியில் மஞ்சளை முடிந்து கட்டிவிட்டால், திருவிழா முடியும் வரை ஊர் கட்டுப்பட்டது. பச்சை மரத்தை வெட்ட மாட்டோம், வெளியூரில் இராத்தங்க மாட்டோம். ஆனால் அது திருவிழாவை ஒட்டிச் சில நாளைக்குத்தான். கார்த்திகையிலேயே காப்பா, அதுவும் தண்ணீருக்கா?

"அப்ப பங்குனி வரைக்கும் நா மாமியா வீட்டுல போயித் தங்க முடியாதா?" என்று ஒருவன் கவலைப்பட்டான்.

"ஏலே, காப்பு தண்ணிக்குத்தான், ஒனக்கில்ல. நீ போ. ஒன்னிய அங்கன வச்சுக்கிறாகளான்னு மட்டும் கேட்டுட்டுப் போ," என்றார் பெரியப்பா.

பூசாரியைப் பார்த்தோம். அவர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். பிறகு, "முளைப்பாரியக் கொண்டு போயி அந்தத் தண்ணியிலதான் கரைக்கிறோம். கரைக்கிற தண்ணிக்குக் கட்டக் கூடாதுன்னு நா எங்கயும் கேள்விப்படல," என்றார்.

காப்பை எங்கே கட்டுவது? கண்மாய்க்குள் கொஞ்சம் தள்ளி நிற்கும் மடையின் கல்தூணில். தண்ணீர் ஆள் மட்டத்துக்கு மேல். பூசாரிக்கு நீச்சல் தெரியாது. கடைசியில் திருப்பாலைக்குடிக்காரர்தான் தன் தெர்மகோல் மிதவையில் அவரை உட்கார வைத்துக் கம்பு ஊன்றிக்கொண்டு போனார். மிதவை ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஆடாத, ஆடாத," என்றார் பூசாரி.

"நா ஆடல சாமி. நீங்கதான் ஆடுறீக."

"வேப்பெலைய ஒரு கையில புடிச்சிருக்கேன், காப்ப ஒரு கையில புடிச்சிருக்கேன். அப்புறம் நா எதப் புடிச்சு ஒக்காருவேன்?"

"என் தோளப் புடிங்க. மந்திரத்தக் கொஞ்சம் சுருக்கமாச் சொல்லுங்க."

கரையில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். சிரிப்புப் பாதி, குலவை பாதி. தூணில் மஞ்சள் துணி ஏறியது. திரும்பி வருகிற வழியிலேயே குத்தகைக்காரர் முதல் கம்பைப் பிடுங்கி மிதவையில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் ஊரே இறங்கிக் கயிறு, நாடா, பாட்டில் எல்லாவற்றையும் இழுத்துக் கரையேற்றியது. நட்டு வைத்த கொப்புகளையும் சேர்த்துத்தான். தண்ணீர் வெறுமையாகக் கிடந்தது. எனக்கு அது அவ்வளவு நிறைவாகத் தெரிந்தது.

ஆனால் தாரா வரவில்லை.

மறுநாளும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. வயலுக்குப் போகிறபோதெல்லாம் என் கழுத்து மேலேயே பார்த்தது. டீக்கடையில், "என்ன ஆட்டமில்லாதவரே, தாராவுக்குத் தகவல் சொல்லியாச்சா, போன் நம்பர் இருக்கா?" என்பார்கள். சிரித்துக்கொண்டே டீயைக் குடிப்பேன். உள்ளுக்குள் பயம்தான். ஒருமுறை விரட்டிய இடத்தை மறந்தே போய்விடுமோ என்று. பறவைக்குப் போக்கிடம் இல்லாததாகத்தான் இருக்கிறது நம் ஜில்லா. பல கண்மாய்களுக்குள் சீமைக் கருவை நிறைந்துவிட்டது. மற்றதில் தண்ணீரே இல்லை. அதற்குக் கிழக்கே கடல். இந்த ஊர் போனால் அடுத்த ஊர் என்று பறவை போகும்தான். அந்த ஊரும் இப்படியே நினைத்துக் கயிறு கட்டினால் அவ்வளவு தூரம் பறந்து வந்தது எங்கேதான் உட்காரும்? இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவிடம்கூட.

பிறகு ஒரு விடியற்காலை. பனி இன்னும் தண்ணீர் மேல் நின்றது. நான் மடைக்குப் பக்கத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். அதே விசில் சத்தம். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நின்றேன். ஒரு சுற்று. இன்னொரு சுற்று, கொஞ்சம் தாழ. முன்னால் வந்த பறவைகள் காலை முன்னே நீட்டின. தண்ணீரில் கீறல் மாதிரிக் கோடு விழுந்தது. ஒரு கோடு, பத்துக் கோடு, பிறகு கண்மாய் முழுக்கக் கோடு. சளசளவென்று ஒரு சத்தம், அடைமழை பிடித்த மாதிரி. அப்புறம் அமைதி.

ஊருக்குள் எப்படித் தெரிந்ததோ, கொஞ்ச நேரத்தில் கரை நெடுக ஆட்கள். யாரும் சத்தம் போடவில்லை. டீக்கடைக்காரர் வழக்கமாகப் போடும் சாமிப் பாட்டை நிறுத்திவிட்டு வந்து நின்றார். பெரியப்பா என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "தூங்குதுகளாலே?" என்றார். நடுத்தண்ணீரில் அத்தனையும் அலகை முதுகில் சொருகிக்கொண்டு காற்று தள்ளுகிற பக்கம் மிதந்துகொண்டிருந்தன. ஆமாம் என்று தலையாட்டினேன். உங்கள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு காப்பை ஒருவரும் மீறவில்லை. காவல் போடவில்லை, அபராதம் சொல்லவில்லை. தூணில் மஞ்சள் துணி தெரிந்தது, அவ்வளவுதான். நம் இளவட்டங்கள் தூண்டிலை மடை மூலையோடு நிறுத்திக்கொண்டார்கள். அதே பக்கத்து ஊர்க்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். மண்டபம் பக்கம் கட்டிக் கொடுத்த பெண்கள்கூட ராமேசுவரம் பஸ்ஸில் தங்களைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடம், வழியில் இங்கே இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். யாராவது கேட்டால், "எங்க ஊருத் தாரா," என்றுதான் நம் ஆட்கள் சொல்கிறார்கள். எங்கேயோ பிறந்தது, நம் ஊர்த் தாராவாம். சொல்லும்போது அவர்கள் நெஞ்சு நிமிர்வதைப் பார்க்க வேண்டும். என் நெஞ்சும்தான். ஒரு மேடை ஓர் இரவு நின்றிருக்கும். இது பனிக்காலம் முழுக்க நின்றது. இதை என் முறையில் செய்தோம் என்று நான் சாகும் வரை சொல்லிக்கொள்வேன். எனக்கு வைத்த பட்டப்பெயர் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

திருவிழாவில் முளைப்பாரி கரைத்த அன்று பூசாரி மறுபடியும் மிதவையில் போய்க் காப்பை அவிழ்த்தார். இந்த முறை இரண்டு கையாலும் குத்தகைக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டே போனதை நீங்களும் பார்த்துச் சிரித்தீர்கள். எதற்காக அவர் அங்கே போகிறார் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குள் பறவைகளில் பெரும்பாலானவை வடக்கே கிளம்பிவிட்டிருந்தன.

உங்களைப் பஸ் ஏற்றிவிட்டு, ஆர்.எஸ்.மங்கலத்தில் உர மூட்டை ஒன்றை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு திரும்பினேன். வெயில் சாய்ந்திருந்தது. கண்மாய்க் கரை முனைக்கு வந்தபோது நடுத்தண்ணீரில் சின்னதாக ஒரு கூட்டம் அலகை முதுகில் சொருகிக்கொண்டு மிச்சம் இருப்பது தெரிந்தது. நெடும்பயணத்துக்கு இன்னும் கொஞ்சம் உடம்பு தேற வேண்டியவை போல. காப்பு அவிழ்த்தாயிற்று, இனி யாருக்கும் எந்தக் கட்டும் இல்லை. கரையில் ஆளும் இல்லை. நான் வண்டி இன்ஜினை அணைத்தேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூட்டையோடு வண்டியைக் கரையின் அந்த முனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.